எட்டு செஷன் முடிந்தும் மூன்றாம் நாள் பழைய பதற்றமே திரும்புகிறது. தெரபி வேலை செய்யவில்லையா?

பிப்ரவரி 2, இரவு 10.40 (கேள்வி)

வயது 23. படிப்பு முடிந்து முதல் வேலை, முதல் முறையாகத் தனி வீடு. தெரபிக்குப் போக ஆரம்பித்து எட்டு வாரம் ஆகிறது. செஷன் முடிந்து வரும்போது பாரம் இறங்கினாற்போல இருக்கும். இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மேனேஜரிடமிருந்து "கொஞ்சம் பேசணும்" என்று ஒரு மெசேஜ் வந்தால் போதும், வயிற்றைப் பிசையும், வேலை போய்விடும் என்றே தோன்றும். தெரபிஸ்ட் பொறுமையாகக் கேட்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனம் விட்டுப் பேசினால் லேசாகும் என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லையோ? ஆளை மாற்றவா, நிறுத்திவிடவா?

பிப்ரவரி 3, காலை 7.15 (பதில்)

இரண்டுமே இப்போது வேண்டாம். முதலில் ஒரு கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். செஷன் அதில் 50 நிமிடம். மீதி நேரத்தில் செய்து பார்க்க ஏதாவது வேலை கொடுத்திருக்கிறாரா? இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

"ஒன்றும் ஆகாது" என்று நம்பகமான ஒருவர் சொல்லக் கேட்டால் பதற்றம் இறங்கும். ஆனால் அது இரவல் தைரியம், இரண்டு நாளுக்குத்தான் வரும். மூன்றாம் நாள் மெசேஜ் வரும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது நீங்களே சோதித்துப் பார்த்த ஒரு முடிவு. அதைச் சம்பாதிப்பது செஷனுக்கு வெளியேதான். செஷன் அதற்குத் திட்டம் போடவும், என்ன ஆனது என்று பிரித்துப் பார்க்கவும்.

மூன்று விஷயம் எழுதுங்கள்: தெரபியின் இலக்கு என்ன என்று இருவரும் பேசி முடிவு செய்தீர்களா? முன்னேற்றத்தை எதை வைத்து அளக்கிறீர்கள்? மேனேஜர் மெசேஜ் வந்த அடுத்த ஒரு மணி நேரத்தில் நிமிடவாரியாக என்னென்ன செய்கிறீர்கள்? மூன்றாவது மிக முக்கியம்.

பிப்ரவரி 3, மதியம் 12.50

அளவைப் பற்றி. பதற்றத்துக்கு அதிகம் பயன்படுவது ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள். ஏழு கேள்வி, கடந்த 2 வாரத்தை வைத்துப் பதில், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. நோய் இன்னது என்று அது முடிவு செய்யாது. போகிற திசையைக் காட்டும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, படு மோசமான ஒரு நாளின் இரவில் உட்கார்ந்து அந்த நாளுக்கு மட்டும் மதிப்பெண் போடுவது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பிப்ரவரி 4, காலை 6.50

நீங்கள் அனுப்பிய பட்டியல்: "பழைய மெயில்களைத் திறந்து தப்பு எங்கே என்று தேடுவேன். நண்பர்கள் இரண்டு பேரிடம் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக் கேட்பேன். பதிலை நான்கு முறை திருத்துவேன். இரவு அம்மாவிடம் போனில் முழுதும் சொல்லி, ஒன்றும் ஆகாதுதானே என்று கேட்பேன்."

இந்த நான்கும்தான் பதற்றத்தை உயிரோடு வைத்திருக்கின்றன. உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் இதை விளக்கினார். பயந்தது நடக்காமல் தடுக்கச் செய்யும் இப்படிப்பட்டவற்றைத் துறையில் பாதுகாப்பு நடத்தை என்பார்கள். பயந்தது நடக்காமல் போகிறது. ஆனால் மனம் அதற்குக் காரணமாக எடுத்துக்கொள்வது "நான் நாலு தடவை திருத்தியதால் தப்பித்தேன்" என்பதை. பயந்தது முதலிலேயே நடக்கப் போவதில்லை என்ற செய்தி அதற்குப் போய்ச் சேர்வதே இல்லை. ஐம்பது மெசேஜ் பத்திரமாகக் கடந்தாலும் ஐம்பத்தோராவது அதே பயத்தோடு வருவது இதனால்தான்.

செய்ய வேண்டியது: போனில் ஒரு குறிப்பு திறந்து நான்கு பத்தி. என்ன நடந்தது. என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், எத்தனை சதவீதம். எந்தத் தேதிக்குள் தெரிந்துவிடும். கடைசியில் உண்மையில் என்ன ஆனது. மெசேஜ் வந்ததும் முதல் மூன்றையும் நிரப்பிவிட்டு, அந்த நான்கில் ஒன்றை மட்டும் விடுங்கள். நான்கையும் ஒரே நாளில் விட முயன்றால் மறுநாளே எல்லாம் திரும்பி வந்துவிடும்.

பயத்தைச் சோதிக்கக்கூடிய மாதிரி எழுதுவது பழகவேண்டிய வேலை. "மோசமாக இருக்கும்" என்பதைச் சோதிக்க முடியாது. "பதற்றம் வரும்" என்பது எப்போதும் பலிக்கும். கேமரா வைத்தால் பதிவாகக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்: "வெள்ளிக்கிழமைக்குள் வேலையை விட்டுப் போகச் சொல்வார், 70 சதவீதம்."

பிப்ரவரி 4, இரவு 9.30

"நினைப்பையே வரவிடாமல் செய்ய வழி இல்லையா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதைதான். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிச் சோதித்தார். நினைப்பை அடக்கியவர்களுக்குப் பிறகு அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. வந்தால் வரட்டும். கை செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரட்டும்.

பிப்ரவரி 6, காலை 7.05

அடுத்த படி எக்ஸ்போஷர். பயப்படுவதைத் திட்டம் போட்டு நெருங்குவது. 10 முதல் 12 சூழல் எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பெண் கொடுங்கள் (இந்த அளவுகோல் மனநல மருத்துவர் ஜோசப் வோல்பேயினுடையது). உங்கள் விஷயத்தில்: மெயிலை ஒரே முறை படித்துவிட்டு அனுப்புவது 35. மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்பது 45. சின்ன எழுத்துப் பிழையைத் தெரிந்தே விட்டு ஒரு சாதாரண மெயில் அனுப்புவது 60. மேனேஜரிடம் நீங்களாகவே போய் "என் வேலை எப்படி இருக்கிறது?" என்று கேட்பது 80.

30, 40இல் தொடங்குங்கள். 10இல் தொடங்கினால் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. வாரத்துக்கு ஒரு முறை செய்வது போதாது, நான்கைந்து முறையாவது வேண்டும். பதற்றம் பாதியாகக் குறையும்வரை அந்தச் சூழலிலேயே இருங்கள். ஒரு படி முழுதாகப் பழகிய பிறகுதான் அடுத்தது.

மீட்டிங்கில் பேசப் பயப்படுகிறவர்களுக்கு: உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் உடனிருந்தவர்களும் 2000இல் வெளியிட்ட சோதனையில், கூச்சமூட்டும் படம் போட்ட டி-ஷர்ட் அணிந்த மாணவர்கள் அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்.

பிப்ரவரி 7, காலை 6.40

நேற்று எழுதியதன் கடைசி இரண்டு விதிகளைத் திருத்துகிறேன். பாதியாகக் குறையும்வரை இரு, படி தாண்டாதே என்பது நெடுங்காலம் சொல்லித்தரப்பட்ட முறை, இன்றும் பலர் அப்படியே செய்கிறார்கள். ஆனால் செஷனுக்குள் பதற்றம் எவ்வளவு இறங்கியது என்பது பிற்பாடு குணமாவதை நம்பகமாகக் காட்டுவதில்லை என்று உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் குழுவினரின் ஆய்வுகள் காட்டின. எதிர்பார்த்த கெடுதல் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்வதே முக்கியம்.

ஆகவே நிறுத்தும் இடம் இது: நீங்கள் எழுதிய பயம் பலித்ததா இல்லையா என்று தெரியும்வரை. பதற்றம் 60லேயே நின்றாலும் பயிற்சி தோல்வி அல்ல. "60இல் இருந்தபடியே பேசி முடித்தேன்" என்பதே பெரிய பாடம். வரிசையும் கண்டிப்பாக ஏறுமுகமாக இருக்க வேண்டியதில்லை. 35, 60, 45 என்று கலந்து, இடமும் நேரமும் ஆட்களும் மாற்றிச் செய்தால் கற்றது நன்றாகப் பதியும். செய்து முடித்ததும் என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எது ஆச்சரியம் என்று மூன்று வரி எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டே நாளில் மனம் "ஏதோ அதிர்ஷ்டம்" என்று கணக்கை மாற்றி எழுதிவிடும்.

பிப்ரவரி 9, காலை 8.20

மூச்சுப் பயிற்சி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. நிமிடத்துக்கு சுமார் 6 மூச்சு. அமைதியாக இருக்கும்போது 5 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை.

பிழையாவது இரண்டு இடத்தில். ஒன்று, "ஆழமாக" என்றதும் பெரிது பெரிதாக இழுப்பது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் கூடும். மூச்சின் அளவு சாதாரணமாகவே இருக்கட்டும், வேகம் மட்டும் குறைந்தால் போதும். இரண்டு, எக்ஸ்போஷர் நடுவில் பதற்றத்தை விரட்ட மூச்சுப் பயிற்சியைத் துணைக்கு எடுத்துக்கொள்வது. அப்போது அதுவும் ஐந்தாவது பாதுகாப்பு நடத்தையாகிவிடும்.

பேனிக் அட்டாக் (திடீரென உச்சத்துக்கு ஏறும் பயம்) உள்ளவர்களுக்கு எதிர்த்திசைப் பயிற்சி ஒன்று உண்டு. உடல் உணர்வுகளுக்கே பயப்படுகிறவர்கள் அவற்றைத் தாங்களே வரவழைத்துப் பார்ப்பது: நின்ற இடத்தில் 1 நிமிடம் ஓடுவது, சுழல் நாற்காலியில் 1 நிமிடம் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது. படபடப்பு மாரடைப்பு ஆகாது, தலைசுற்றல் மயக்கமாகாது என்று உடலே கற்கும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் முதல் சில முறை தெரபிஸ்ட் முன்னிலையில் செய்வது நல்லது.

பிப்ரவரி 9, மாலை 5.10

விட்டுப்போனது. முதல் முறை நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் அது பேனிக் என்று நாமே முடிவு கட்டக் கூடாது, உடனே மருத்துவப் பரிசோதனை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும், இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காபி, எனர்ஜி டிரிங்க் கணக்கையும் பாருங்கள். காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 9 மணிக்கும் உடம்பில் இருக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும், சில நாளில் படிப்படியாகக் குறையுங்கள்.

பிப்ரவரி 12, இரவு 11.15

இப்போது புது விஷயம் சொல்லியிருக்கிறீர்கள்: வேலையை விட்டு மேல்படிப்புக்குப் போவதா, இருப்பதா என்று ஐந்து மாதமாக முடிவெடுக்க முடியவில்லை. இதைத் தனியாகப் பேச வேண்டும், மேனேஜர் பயத்தோடு கலக்கக் கூடாது.

நம் மொழியில் ஒரு சிக்கல். "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லை நெருக்கடிக்கும் சொல்கிறோம், டிப்ரஷனுக்கும் சொல்கிறோம். தெரபிஸ்டிடம் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல் பிரித்துச் சொல்லுங்கள். சுமை அதிகமாகித் திணறுவதா? வராததை நினைத்துப் பதறுவதா? எதிலுமே பிடிப்பில்லாமல், எழுந்திருக்கவே தோன்றாமல் இருப்பதா? மூன்றுக்கும் சிகிச்சை வேறு.

18 முதல் 25 வரையிலான வயதை உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் தனிப் பருவமாகவே எழுதினார். வேலை, உறவு, இருப்பிடம் மூன்றும் ஒரே சமயத்தில் ஆடுகிற காலம். ஒரு மாற்றம் நேர்ந்து 3 மாதத்துக்குள் தொடங்கி, அந்த நெருக்கடி தீர்ந்து 6 மாதத்துக்குள் அடங்குவதைத் தகவமைவுக் கோளாறு என்று டிஎஸ்எம்-5 (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) வகைப்படுத்துகிறது. அதற்குச் சில செஷன்களே போதுமானதாக இருக்கலாம். பல விஷயங்களைப் பற்றிய கவலை 6 மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாமல் இருந்தால், பொதுப் பதற்றக் கோளாறா என்று பார்க்க வேண்டும்.

முடிவெடுப்பதில் பதற்றம் கேட்பது உத்தரவாதம். அது யாரிடமும் கிடைக்காது, ஆகவே தேடல் முடிவதே இல்லை. மதில்மேல் பூனையாக ஐந்து மாதம் போவது இப்படித்தான். தகவல் சேகரிப்புக்கு எல்லை கட்டுங்கள்: அந்தப் படிப்பை முடித்தவர்கள் மூன்று பேர், கேட்க வேண்டியது ஐந்து கேள்வி, இரண்டு வாரம், காலண்டரில் முடிவுத் தேதி. நான்காவது ஆளிடம் கேட்கக் கை பரபரத்தால் அது தகவலுக்காக அல்ல, ஆறுதலுக்காக.

தேதி வந்ததும் ஒரு கேள்வி: நாளைக் காலை இந்தப் பதற்றம் சுத்தமாக இல்லாமல் போனால், அப்போதும் இதையே தேர்ந்தெடுப்பேனா? ஆம் என்றால் அது உங்கள் விருப்பம். மேனேஜரிடமிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தால் படிப்பு முடிந்து அடுத்த மேனேஜர் வரும்போது இதே இடத்தில் நிற்பீர்கள். அப்படித் தோன்றினால் முதலில் பிப்ரவரி 6 பட்டியலில் பாதியாவது முடியட்டும், படிப்பு முடிவு அதற்குப் பிறகு.

பிப்ரவரி 13, காலை 7.30

நேற்றுச் சொல்ல மறந்தது. கூடப் படித்தவர்கள் ஊருக்கொருவராகப் பிரிந்து, தினம் பேசிய பேச்சு மாதத்துக்கு ஒன்றாகச் சுருங்குவது உண்மையான இழப்பு. அதைச் சிந்தனைப் பிழை என்று பத்தி போட்டுத் திருத்தப் போவது தவறு. "யாரும் என்னை நினைப்பதில்லை" என்பதைச் சோதிக்கலாம். "அவர்கள் இல்லாமல் வெறுமையாக இருக்கிறது" என்பதில் திருத்த என்ன இருக்கிறது? அதற்கு இடம் கொடுங்கள், கூடவே வாரத்துக்கு இரண்டு தொடர்பை நாள், நேரம் போட்டுத் திட்டமிடுங்கள். மனசு வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. செய்யச் செய்யத்தான் மனசு பின்னால் வரும்.

பிப்ரவரி 13, இரவு 8.45

அம்மாவிடம் கேட்பதை எப்படி நிறுத்துவது? திடீரென்று போனைக் குறைத்தால் அவர் பயப்படுவார். அவரையே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமைதியான ஒரு நாளில் முன்கூட்டியே சொல்லுங்கள்: "அம்மா, ஒன்றும் ஆகாதுதானே என்று நான் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். 'இது உன் பதற்றம் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கு, நாளைக்குப் பார்ப்போமா' என்று மட்டும் சொல்லுங்கள்." மற்றபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். குறைப்பது ஒரே ஒரு கேள்வியை, அம்மாவை அல்ல. முதல் வாரம் நாளுக்கு ஒரு முறை கேட்க அனுமதி, அடுத்த வாரம் இரண்டு நாளுக்கு ஒன்று.

பிப்ரவரி 16, காலை 6.30

"நினைப்பை அடக்காதே என்று 4ஆம் தேதி எழுதிவிட்டு, கவலைக்கு நேரம் ஒதுக்கு என்றும் சொல்கிறார்களே, எது சரி?" நியாயமான கேள்வி. அடக்குவது "வராதே" என்பது. ஒதுக்குவது "மாலை ஆறுக்கு வா" என்பது. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983இல் சோதித்த முறை: தினம் ஒரே இடம், ஒரே நேரம், 30 நிமிடம். பகலில் கவலை வந்தால் ஒரு வரி குறித்து வைத்துவிட்டுக் கைவேலைக்குத் திரும்புங்கள். ஆறு மணிக்குப் பட்டியலை எடுத்தால் பாதி வரிகள் அதற்குள் வலுவிழந்திருக்கும். மீதியில் செய்யக்கூடியதற்கு அடுத்த அடி எழுதுங்கள், "ஒருவேளை அப்படி ஆனால்" வகையை அப்படியே விடுங்கள். இந்த அரை மணி படுக்கையில் வேண்டாம், தூங்கும் நேரத்தை ஒட்டியும் வேண்டாம்.

படுத்து 20 நிமிடம்போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். கடிகாரம் பார்க்காமல் குத்துமதிப்பாக. காலையில் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது, விடுமுறை நாளிலும்.

பிப்ரவரி 18, இரவு 9.00

மாத்திரை. எழுதிக் கொடுப்பவர் சைக்யாட்ரிஸ்ட், அவர் மருத்துவர். பெரும்பாலான இடங்களில் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது. பதற்றத்துக்கு முதலில் தருவது பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ வகை (டிப்ரஷனுக்கும் தரப்படும் மருந்துதான்). பலன் தெரியச் சில வாரம் ஆகும், தொடக்க நாட்களில் படபடப்பு கூடவும் செய்யலாம். இது தெரியாமல் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். தொடக்கத்திலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007இல் 24 வயது வரை நீட்டித்தது. ஆகவே இந்த வயதில் முதல் சில வாரம் டாக்டரை அடுத்தடுத்துப் பார்ப்பது கட்டாயம். நிறுத்துவதும் அவர் சொல்லும் வேகத்தில் மட்டுமே. உடனடி நிம்மதி தரும் பென்சோடயசெபைன் வகை தினசரிப் பழக்கமானால் உடல் அதைச் சார்ந்துவிடும், எக்ஸ்போஷரில் கற்க வேண்டியதையும் மழுங்கடிக்கும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இந்தக் குறிப்புகள் எதுவும் உங்களுக்கான முதல் படி அல்ல. அடுத்த செஷனுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர மருத்துவ உதவியை நாடுங்கள், அதுவரை தனியாக இருக்காதீர்கள்.

பிப்ரவரி 21, காலை 7.20

தெரபிஸ்டிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். செஷனின் முதல் ஐந்து நிமிடத்தில், எழுதி வைத்ததைப் படித்தே காட்டலாம்: "இங்கிருந்து போய் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, பிறகு திரும்புகிறது. ஆறுதல் தேடும் நான்கு பழக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். இடைப்பட்ட நாட்களுக்குப் பயிற்சி வேண்டும்." கடைசி ஐந்து நிமிடத்தில் சொன்னால் பேச நேரம் இருக்காது.

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சொன்னபடி தெரபி உறவுக்கு மூன்று கால்: இலக்கில் ஒற்றுமை, செய்யும் வேலையில் ஒற்றுமை, ஒருவர்மீது ஒருவர் நம்பிக்கை. உங்களுக்கு மூன்றாவது இருக்கிறது, முதல் இரண்டும்தான் பேசப்படவில்லை. சொன்ன பிறகு நான்கு செஷன் பாருங்கள். திட்டம் மாறவில்லை என்றாலோ, கேட்டதற்கே கோபப்பட்டாலோ அப்போது மாற்றுங்கள். ரகசியத்தை வெளியே சொன்னாலும், செஷனுக்கு வெளியே வேறு வகை உறவுக்கு அழைத்தாலும் ஒரு செஷன்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மார்ச் 23, காலை 6.55

உங்கள் கணக்கைப் பார்த்தேன். ஒன்பது மெசேஜ், ஒன்பதிலும் வேலை போகும் என்ற கணிப்பு, எதுவும் பலிக்கவில்லை. ஜிஏடி-7 15இலிருந்து 10. மிகவும் சந்தோஷம். ஆனால் ஏழாவது மெசேஜில் மேனேஜர் நிஜமாகவே கடிந்துகொண்டார், "அப்படியென்றால் என் பயம் சரிதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். கணித்தது வேலை போவது. நடந்தது, அறிக்கையைத் திருத்தி மறுநாள் கொடுத்தது. அதுதான் ஒன்பதிலும் மதிப்பு மிக்க வரி. திட்டு வாங்கியும் சமாளித்தது மற்ற எட்டிலும் இல்லை.

நன்றாக இருக்கிறது என்று செஷனை உடனே நிறுத்திவிடாதீர்கள். நான்கைந்து வாரம் இப்படியே நிலைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று தள்ளச் சொல்லிக் கேளுங்கள். அதற்குள் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: பதற்றம் திரும்பும்போது முதலில் வரும் பழக்கம் எது (உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது), அது வாரத்தில் மூன்று முறை வந்தால் பட்டியலின் எந்தப் படியை மறுபடி செய்வேன், யாரிடம் சொல்வேன். 80 மதிப்பெண் படி இன்னும் பாக்கி. இந்த வாரம் மேனேஜரிடம் நேரம் கேளுங்கள். கேட்கும் மெயிலை ஒரே முறை படித்துவிட்டு அனுப்புங்கள்.